ஊர் விழித்திருந்தால் ஆறு பிழைக்கும்

(பட்டிமன்றத் தலைப்பு: ஆற்றோர மீன்தொழில் நீடித்து நிற்கப் பெரிதும் துணை செய்வது சட்டமே! ஊர்க் கட்டுப்பாடே! - 'ஊர்க் கட்டுப்பாடே' என்ற அணியில் பேசியது. இடம்: புதுக்கடை)



ஐயா, 'ஊர் கூடினால் என்ன நடந்துவிடும்?' என்று எதிரணித் தலைவர் கேட்டுவிட்டுப் போனார். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் கேட்ட இடம் தப்பு! இது புதுக்கடை. (கைதட்டல்) திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம் நடந்தபோது, 1954 ஆகஸ்டு 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் இந்தப் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்றைக்குச் சட்டம் யார் பக்கம் இருந்தது? துப்பாக்கி பக்கம். ஊர் எந்தப் பக்கம் இருந்தது? நியாயத்தின் பக்கம். 1956 நவம்பர் 1ஆம் தேதி சட்டம் ஊருக்குப் பின்னால் நடந்து வந்தது. ஆகவே, ஊர் முன்னால் போகும், சட்டம் பின்னால் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, தலைப்புக்கு வருவோம். மீனவர் என்று சொன்னால் நமக்கு உடனே கடல்தான் ஞாபகம் வரும். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. ஒரு படகு, ஒரு அலை, ஒரு பாட்டு! (சிரிப்பு) நெய்தல் திணை, கடலும் கடல் சார்ந்த இடமும் என்று நானே முப்பது வருஷமாக வகுப்பில் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஆற்றிலே மீன் பிடிக்கிறவன் எந்தத் திணை? நெய்தலுக்குப் போனால் 'நீ கடலுக்கு வரவில்லையே' என்பான். மருதத்துக்குப் போனால் 'உனக்கு வயல் இல்லையே' என்பான். இலக்கணத்திலேயே அவனுக்கு இடம் கொஞ்சம் தகராறுதான்.

ஒரு சின்ன வள்ளம், ஒரு வீச்சுவலை, இரண்டு தூண்டல், வீட்டிலே ஒரு கடவப்பெட்டி. இதுதான் அவனுடைய கம்பெனி. முதலாளியும் அவன், தொழிலாளியும் அவன். விற்பனை மேனேஜர் அவன் பெண்டாட்டி. (சிரிப்பு) இந்தக் கம்பெனி மூடப்பட்டால் எந்தப் பத்திரிகையும் செய்தி போடாது. வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போய்விடுவான். அடுத்த நாள் யாருக்கும் தெரியாது. அப்படிச் சத்தமில்லாமல் செத்துப்போகிற ஒரு தொழிலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசுகிறோம்.

நம்ம ஆற்றைக் கொஞ்சம் பாருங்கள். மேற்கு மலையிலே பிறக்கிற கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் கை கோக்கின்றன. குழித்துறையைத் தொட்டுக்கொண்டு வந்து, இதோ பக்கத்திலே தேங்காப்பட்டினத்தில் கடலோடு கலக்கிறது. தாமிரபரணி என்றும் பெயர், குழித்துறை ஆறு என்றும் பெயர். திருநெல்வேலிக்காரர் கேட்டால் 'தாமிரபரணி எங்களுடையது' என்று சண்டைக்கு வருவார். வரட்டும், இரண்டு தாமிரபரணி இருப்பதில் தமிழ்நாட்டுக்கு நஷ்டமில்லை. (கைதட்டல்)

அந்த முகத்துவாரம் இருக்கிறதே, பொழி என்று நீங்கள் சொல்கிறீர்களே, அது ஒரு பிரசவ ஆஸ்பத்திரி ஐயா! நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடம். மடவைக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் கடலிலிருந்து உள்ளே வந்து வளர்வது அங்கேதான். விலாங்கு இருக்கிறதே, பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று நாம் அரசியல்வாதிகளுக்கு உவமை சொல்லுவோமே, அது உண்மையிலேயே இரண்டு இடத்து ஆள்தான். வளர்வது ஆற்றிலே, முட்டையிடப் போவது கடலுக்கு. பிறந்த குஞ்சு மறுபடியும் ஆற்றைத் தேடி வரும். வழியை அடைத்தால் வம்சம் போச்சு.

கரிமீனைப் பாருங்கள். கேரளத்துக்காரர்கள் 2010இல் அதைத் தங்கள் மாநில மீன் என்று அறிவித்தார்கள். நாம் மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோம். (சிரிப்பு) அந்தக் கரிமீன், முட்டையிட்டால் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் இருக்கும். குஞ்சு பொரித்த பிறகும் இரண்டும் விலகுவதில்லை. 'பிள்ளையை நீ பார்த்துக்கோ, நான் டீக்கடைக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லாத ஒரு தகப்பன் உலகத்தில் உண்டென்றால் அது கரிமீன்தான். (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அந்தக் காவல் நேரத்தில் வலை போட்டுத் தாயையும் தகப்பனையும் தூக்கினால் என்ன ஆகும்? போனது இரண்டு மீன் இல்லை, ஒரு குடும்பமே போய்விட்டது. சுற்றியிருக்கிற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

இப்பொழுது எதிரணியின் வாதம். 'சட்டம் இருக்கிறது' என்றார்கள். இருக்கிறது. 1897ஆம் ஆண்டிலேயே இந்திய மீன்வளச் சட்டம் வந்துவிட்டது. வெடி வைத்து மீன் பிடிக்கக்கூடாது, விஷம் கலக்கக்கூடாது என்று அன்றைக்கே எழுதினான் வெள்ளைக்காரன். பேச்சிப்பாறை அணைக்கு மிஞ்சின் துரை வேலை தொடங்கிய அதே காலம். அணை 1906இல் கட்டி முடிந்தது, இன்றைக்கும் நிற்கிறது. சட்டமும் அந்த வயதுதான், அதுவும் நிற்கிறது, புத்தகத்தில்! (சிரிப்பு) தோட்டா போடுகிறவன் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறானா? சட்டத்துக்கு ஆபீஸ் நேரம் காலை பத்து மணி முதல் மாலை ஐந்தே முக்கால் வரை. ஆற்றில் விஷம் கலக்கிறவனுக்கு வேலை நேரம் ராத்திரி இரண்டு மணி. இரண்டு பேரும் எங்கே ஐயா சந்திப்பது?

'கடலிலே மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே' என்றார் எதிரணி அம்மையார். நல்ல கேள்வி. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017இலிருந்து 61 நாள். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல், நம்ம மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நல்ல சட்டம், நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது ஏன் நடக்கிறது? விசைப்படகை எண்ணலாம், துறைமுகத்தில் கட்டிப்போடலாம், டீசலை நிறுத்தலாம். ஆற்று வள்ளத்தை எந்தத் துறைமுகத்தில் கட்டுவீர்கள்? அது தென்னைமரத்தில் அல்லவா கட்டியிருக்கிறது! ஒவ்வொரு தென்னைக்கும் ஒரு போலீஸ்காரரா போடமுடியும்? கடலுக்குச் செய்த சட்டையை ஆற்றுக்கு மாட்டினால் தொளதொளவென்று தொங்கும்.

போன மாதம் இங்கே பக்கத்துச் சந்தையில் ஒரு மீன்கார அம்மாவிடம் பேசினேன். 'இது ஆத்து மீனா?' என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். 'சாறே, வேணுமெங்கி எடும். ஆத்துல இப்பம் எங்க மீனு கெடக்கு? எனக்க மாமனாரு காலத்துல ஒரு வீச்சுக்கு ஒரு கடவம் வரும். இப்பம் பத்து வீச்சுக்கு ஒரு சட்டி நெறையாது.' சரி, தோட்டா போட்ட மீனை அடையாளம் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார்கள். 'தொட்டாத் தெரியும் சாறே. முள்ளு ஒடஞ்சு கெடக்கும். உள்ள ரத்தம் கட்டிக் கெடக்கும்.' யாரும் புகார் கொடுக்கவில்லையா என்றேன். அப்போது ஒன்று சொன்னார்கள், அதுதான் இன்றைக்கு என் கட்சிக்கு உயிர். 'கேசு குடுத்தா எனக்க மாப்பிள பத்து நாளு கோர்ட்டுக்கு நடக்கணும், பத்து நாளு கஞ்சி யாரு தருவா? அந்த மீனை இந்தச் சந்தையில ஒருத்தியும் எடுக்கமாட்டோம் எண்ணு எல்லாரும் ஒரு வாக்கு சொன்னாப் போதும். பிடிச்சவன் அதை என்ன செய்வான்? பெட்டியில வச்சுப் பூட்டுவானா?' (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, கவனியுங்கள். ஆறு எத்தனையோ மைல் நீளம். கரையெல்லாம் காவல் போட முடியாது. ஆனால் பிடித்த மீன் அத்தனையும் கடைசியில் வந்து சேர்வது சந்தைக்கு. அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பெண்கள். சட்டம் கரையில் நின்று தேடுகிறது, ஊர் சந்தையில் உட்கார்ந்தே பிடித்துவிடுகிறது. எது கெட்டிக்காரத்தனம்?

'இதெல்லாம் பேச்சுக்கு நன்றாயிருக்கும், எங்கே நடந்திருக்கிறது?' என்பீர்கள். சொல்கிறேன். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை. இறால் நன்றாக விழுகிற இடம் எல்லோருக்கும் வேண்டும். ஆகவே இன்ன இடம் இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். கடல் தாண்டி இலங்கையில் நீர்கொழும்புக் களப்புக்குப் போங்கள். மீனவர்கள் சங்கம் சங்கமாகச் சேர்ந்து, வலை கட்டும் இடத்துக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். வலுத்தவனுக்கு ஒரு நியாயம், இளைத்தவனுக்கு ஒரு நியாயம் என்பது அதில் இல்லை. இப்படி ஊர்ப்பொதுச் சொத்தை ஊராரே காப்பாற்ற முடியும் என்று உலகமெல்லாம் தேடி ஆராய்ந்து எழுதிய எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையாருக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண்மணி அவர்கள்தான். நம்ம ஊர்ப் பாட்டிமார் பரிசு வாங்காமலே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். (கைதட்டல்)

இன்னும் பக்கத்தில் வாருங்கள், கொல்லத்து அஷ்டமுடிக் காயல். அங்கே கக்கா என்ற சிப்பியை அள்ளி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். 1991இல் ஆண்டுக்குப் பத்தாயிரம் டன். 1993இல் பாதியாக விழுந்தது. காசு வருகிறது என்று குஞ்சையும் சேர்த்து அள்ளினால் விழாமல் என்ன செய்யும்? பிறகு ஒழுங்கு கொண்டுவந்தார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இனப்பெருக்கக் காலத்தில் அள்ளக்கூடாது. வலைக்கண் இன்ன அளவுக்குக் குறையக்கூடாது. பொடிச் சிப்பி ஏற்றுமதிக்கு ஆகாது. சிப்பி மீண்டது. 2014இல், நிலைத்த மீன்பிடிப்பு என்று உலக அளவில் சான்றிதழ் பெற்ற இந்தியாவின் முதல் மீன்தொழில் அதுதான்.

எதிரணித் தலைவர் துள்ளுகிறார். 'அதுவும் அரசாங்க உத்தரவுதானே!' உத்தரவு யாருடையதாகவும் இருக்கட்டும். மூன்று மாதம் தண்ணீரில் இறங்காமல் இருந்த கால் யாருடையது? அதிகாரியின் காலா? அவர் எப்போதுமே இறங்கமாட்டாரே! (சிரிப்பு) உத்தரவு பேனாவால் போடலாம், கட்டுப்பாடு வயிற்றைக் கட்டித்தான் போடவேண்டும்.

ஆனால் ஐயா, பட்டிமன்றத்துக்காக உண்மையை மறைக்கிறவன் நான் இல்லை. என் கட்சியிலும் இரண்டு ஓட்டை இருக்கிறது. எதிரணி பார்க்கு முன்னால் நானே காட்டிவிடுகிறேன்.

முதல் ஓட்டை: ஊர்க் கட்டுப்பாடு வலைக்குச் செல்லும், மணல் லாரிக்குச் செல்லுமா? அணைக்குச் செல்லுமா? கடலிலிருந்து காவிரிக்குள் ஏறிவந்துகொண்டிருந்த உள்ளம் மீன், 1934இல் மேட்டூர் அணை வந்தபிறகு அருகிப்போனது. எந்த ஊர்ப் பஞ்சாயத்தால் அதைத் தடுக்க முடிந்தது? வேம்பநாட்டுக் காயலில், நெல் வயலுக்கு உப்பு ஏறக்கூடாது என்று தண்ணீர்முக்கத்தில் 1976இல் தடுப்பு வைத்தார்கள். நெல்லுக்கு நல்லது, மீனுக்கும் சிப்பிக்கும் கெட்டது. அஷ்டமுடியிலும் பின்னால் கக்கா மறுபடி குறைந்து, கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் குஞ்சுச் சிப்பியைக் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. மீனவன் ஒழுங்காக இருந்தாலும் தண்ணீர் ஒழுங்காக இருக்கவேண்டுமே!

இதற்கு என்ன பதில்? ஒன்றே ஒன்றுதான். அணை கட்டாதே என்று நான் சொல்லவில்லை. பேச்சிப்பாறை இல்லாவிட்டால் நாஞ்சில் நாட்டுக்குச் சோறு இல்லை. தடுப்பணை இல்லாவிட்டால் கரையோரத்துக் கிணற்றில் உப்பு. ஆனால் திட்டம் போடுகிற மேசையில் விவசாயிக்கு ஒரு நாற்காலி, குடிநீர் வாரியத்துக்கு ஒரு நாற்காலி, எஞ்சினியருக்கு இரண்டு நாற்காலி. மீன் பிடிக்கிறவனுக்கு? ஒரு முக்காலிகூட இல்லை. ஏன்? அவன் தனித்தனியாக நிற்கிறான். கட்டுப்பாடு வைத்துக்கொண்ட ஊர் ஒரு சங்கமாக நிற்கும். 'நாங்கள் இரண்டு மாதம் வலையை மடித்து வைத்தோம், நீ மீன் ஏற ஒரு வழி விட்டுக் கட்டு. நாங்கள் குஞ்சை விட்டோம், நீ மணலை விடு' என்று கேட்கிற தகுதி அவனுக்குத்தான் வரும். தன் வீட்டைக் கூட்டியவனுக்குத்தான் தெருக் குப்பையைக் கேட்க வாய் வரும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. ஊர்க் கட்டுப்பாடு என்றால் சிலருக்கு ஊர்விலக்கு ஞாபகம் வரும். தண்ணீர் கொடுக்காதே, தீ கொடுக்காதே, கல்யாணத்துக்குப் போகாதே! பழவேற்காட்டுப் பாடு முறையிலேயே, எங்களுக்குப் பங்கில்லையா என்று வேறு சமூகத்தார் சண்டைக்கு வந்த கதை உண்டு. நான்கு பெரிய மனிதர்கள் ஆலமரத்தடியில் உட்கார்ந்து, பெண்களையும் ஏழைகளையும் வெளியே நிறுத்திவிட்டுப் போடுகிற கட்டு, கட்டுப்பாடு இல்லை, கட்டப்பஞ்சாயத்து! (கைதட்டல்) அதற்கு நான் வக்கீல் இல்லை. நான் கேட்கிற ஊர், வள்ளக்காரனும் தூண்டல்காரனும் கடவம் சுமக்கிற அம்மாவும், எந்தச் சாதியாக இருந்தாலும், எந்தக் கோயிலுக்கோ குருசடிக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவராக இருந்தாலும், ஒரே பாயில் உட்காருகிற ஊர்.

அந்தப் பாயில் என்ன பேசுவது? பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தோட்டா மீனும் விஷ மீனும் சந்தையில் எடுபடாது, அது ஒன்று. கொசுவலை மாதிரி நெருக்கமான வலை ஆற்றில் இறங்காது, அது இரண்டு. கரிமீன் முட்டை காக்கிற கயம் எது என்று ஊர்க் கிழவனுக்குத் தெரியும். அந்தக் கயத்தில் கொஞ்ச தூரம் யாரும் வலை வீசக்கூடாது, அது மூன்று. கதம்பல் அழுகப் போடுகிறவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களும் வயிற்றுக்குத்தான் செய்கிறார்கள். ஆனால் கதம்பல் அழுகுகிற இடத்தில் தண்ணீர் கறுத்து, மீனுக்கு மூச்சு முட்டுகிறது. எந்த இடத்தில் போடலாம், எந்த இடத்தில் கூடாது என்று பேசி முடிவு செய்யலாமே, அது நான்கு.

'வலையை மடித்தால் அடுப்பு எரியுமா?' நியாயமான கேள்வி. வங்காள தேசத்தைப் பாருங்கள். இலிசு என்று வங்காளிகள் உயிரை விடுகிறார்களே, நம்ம உள்ளம் மீன்தான் அது. அக்டோபரில் 22 நாள் பிடிக்கக்கூடாது, நவம்பர் முதல் ஜூன் வரை குஞ்சைப் பிடிக்கக்கூடாது என்றார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. அந்த நாட்களில் மீனவக் குடும்பத்துக்கு அரிசி கொடுத்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த இலிசு, 2017-18இல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. நம்ம கடல் மீனவர்களுக்கும் தடைக்கால நிவாரணம் உண்டு. அதே கையை ஆற்று மீனவனுக்கும் நீட்டட்டும். அரசாங்கம் அரிசி கொடுக்கட்டும், ஊர் காவல் இருக்கட்டும். இதுதான் வேலைப் பங்கீடு. இதை மாற்றிப் போட்டால், அதாவது அரசாங்கம் காவல் இருந்து, ஊர் அரிசிக்கு அலைந்தால், இரண்டும் நடக்காது. (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியாருக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். நீங்கள் தூக்கி வந்த சட்டத்திலேயே என் கட்சி எழுதியிருக்கிறது. 1992இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகள் என்று 11ஆவது அட்டவணையில் 29 இனங்கள் வரிசையாக இருக்கின்றன. ஐந்தாவது இனம் என்ன தெரியுமா? மீன்வளம்! சட்டமே, 'என்னால் தனியாக முடியாது, ஊரே, நீ பார்த்துக்கொள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டது. நீங்கள்தான் இன்னும் அதை ஊரிடம் கொடுக்காமல் மேடையில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்! (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா.

இதே ஊர்ப் பக்கம் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் என்று ஒன்று உண்டு. ஏ.வி.எம். கால்வாய் என்பீர்கள். 1860இல் தொடங்கினார்கள், திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை தண்ணீரிலேயே போகலாம் என்று கனவு கண்டார்கள். பெயரில் ஒரு சாமி, ஒரு மகாராணி, ஒரு மகாராஜா. மூன்று பேரும் சேர்ந்தும் கால்வாயைக் காப்பாற்ற முடியவில்லை. பல இடத்தில் தூர்ந்து, புதர் மண்டி, குப்பைக்கு இடமாகிவிட்டது. ஏன்? கரையில் இருந்தவர்கள் 'இது என்னுடையது' என்று நினைப்பதை நிறுத்திய நாளில் அது தூர ஆரம்பித்தது. ஆறும் நாளைக்கு அப்படி ஆகவேண்டுமா?

மீன் ஓட்டுப் போடாது. மனு எழுதாது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காராது. அதற்காகப் பேச ஆற்றங்கரையில் வள்ளத்தோடு வாழ்கிற ஒரு மனிதனும், சந்தையில் கடவத்தோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணும்தான் இருக்கிறார்கள். அவர்கள் ஆற்றை விட்டுப் போய்விட்டால், ஆற்றில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணும் மிஞ்சாது. அதற்குப் பிறகு எத்தனை சட்டம் போட்டு என்ன பயன்?

ஆகவே, சட்டம் துணைக்கு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெரிதும் காப்பது, விடாமல் காப்பது, ராத்திரி இரண்டு மணிக்கும் காப்பது ஊர்க் கட்டுப்பாடே, ஊர்க் கட்டுப்பாடே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.